பண்டல் கணக்கு இனி கம்ப்யூட்டரில்

தீப்பெட்டி ஆபீஸில் கணக்கு எழுதுகிறேன். நோட்டை விட்டுவிட்டு எக்செல்லில் போடச் சொல்கிறார் முதலாளி. இங்கிலீஷ் அவ்வளவாக வராது. வகுப்புக்குப் போக நேரமும் இல்லை. என்ன செய்வது? – வாசகி, கோவில்பட்டி

பயமே வேண்டாம், சகோதரி. ஐஐடி பம்பாயின் 'ஸ்போக்கன் டுடோரியல்' பாடங்கள் தமிழிலேயே இருக்கின்றன. ஒவ்வொன்றும் 10 நிமிடம் போல, காசு கிடையாது. அதில் 'லிப்ரே ஆபீஸ் கால்க்' வரிசையை எடுங்கள். எக்செல்லுக்கு உடன்பிறப்பு மாதிரி, அதுவும் இலவசம். சேமிக்கும்போது எக்செல் வடிவம் கொடுத்தால் முதலாளி எக்செல்லிலேயே திறந்து பார்ப்பார்.

திரையில் பாதி வீடியோ, பாதி கால்க். ஒரு படி காட்டியதும் நிறுத்தி, அதையே நீங்களும் செய்யுங்கள். சும்மா பார்த்தால் கை பழகாது. பிறகு உங்கள் நோட்டில் நேற்றைய பக்கத்தை ஏற்றுங்கள்: ஒரு பத்தியில் அனுப்பிய பண்டல், அடுத்ததில் விலை, மூன்றாவதில் பெருக்கிய தொகை. முதல் வரிக்குச் சூத்திரம் போட்டு, கட்டத்தின் வலது கீழ் மூலையைப் பிடித்து இழுங்கள். மீதி வரியெல்லாம் தானே நிரம்பும். ஒரு மாதம் நோட்டும் கூடவே இருக்கட்டும். மாலையில் இரண்டு மொத்தமும் ஒத்துப்போகிறதா என்று பாருங்கள்.

இவை திறந்த உரிமத்தில் வந்த பாடங்கள். பென்டிரைவில் ஏற்றிப் பக்கத்து ஆபீஸ் தோழிக்கும் தாராளமாகக் கொடுக்கலாம்.