பாய்மரமும் பார்லியும்

பாய்மரக் கப்பல் என்றதும் வரலாற்றுப் புத்தகத்துப் படந்தான் நம் நினைவுக்கு வரும். ஆனால் எந்திரக் கப்பல்கள் கடலை ஆண்ட 1957-ஆம் ஆண்டில்கூட, கப்பல் அதிகாரியாக விரும்பிய ஜெர்மானிய இளைஞர்கள் பாய்மரக் கப்பலில் ஏறித் தொழில் பழகினார்கள். பலர் என்னைவிட இளையவர்கள். மிதத்தல் விதிகளைப் படித்த நாட்களில், அவர்கள் பயின்ற 'பாமிர்' கப்பலைப் பற்றி நூலகத்தில் தேடிப் படித்தேன்.

1905-இல் ஹாம்பர்க்கில் கட்டப்பட்ட எஃகுக் கப்பல் அது. நீளம் 114 மீட்டர், பாய்மரங்கள் நான்கு. அவற்றுள் உயர்ந்தவை தளத்திலிருந்து 50 மீட்டருக்கு மேல். இரண்டு தென்னைகளை ஒன்றன்மேல் ஒன்றாக நிறுத்தினாலும் எட்டாது! இரவோ மழையோ, பயிற்சி மாணவன் கயிற்றேணியில் அவ்வளவு உயரம் ஏற வேண்டும். பருமல் என்னும் குறுக்குக் கழியின் கீழே தொங்கும் கயிற்றில் காலூன்றி, வயிற்றைக் கழியில் சாய்த்துக்கொண்டு, நனைந்து விறைத்த பாயை இரு கைகளாலும் இழுத்துச் சுருட்ட வேண்டும். எந்தக் கயிறு எந்தப் பாய்க்கு என்பது இருட்டில் கைக்கே தெரிய வேண்டும். கீழே இறங்கினால் தளம் தேய்ப்பதும் துரு சுரண்டுவதும் காத்திருக்கும்.

பாமிர் பள்ளிக்கூடம் மட்டுமன்று, சரக்குக் கப்பலும்கூட. 1957 ஆகஸ்டில் போனஸ் அயர்ஸிலிருந்து 3,780 டன் பார்லியுடன் புறப்பட்டது. மூட்டையாக இருந்தது 255 டன் மட்டுமே. மற்றதெல்லாம் உதிரியாகக் கொட்டப்பட்ட தானியம்.

இந்த இடத்தில் என் தந்தையார் நினைவுக்கு வந்தார். அவர் நெல் மண்டியில் மூட்டை தூக்குபவர். பள்ளி வாசல் மிதியாதவர். நான் சிறுவனாக இருந்தபோது, களத்திலிருந்து உதிரி நெல் ஏற்றி வந்த எங்கள் தெரு வண்டி வாய்க்கால் மேட்டில் குடை சாய்ந்தது. "மூட்டை கட்டாத நெல்லும் தண்ணியும் ஒண்ணுதான்டா" என்றார் அப்பா. அதன் கணக்கு இருபது வயதில்தான் எனக்குப் புரிந்தது.

கப்பல் சாயும்போது, தாழ்ந்த பக்கத்தில் அதிக நீர் விலக்கப்படுகிறது. நீரின் மேல்நோக்கு விசை அப்பக்கம் நகர்ந்து, எடையோடு சேர்ந்து ஒரு திருப்புத்திறனை உண்டாக்கிக் கப்பலை நிமிர்த்துகிறது. உள்ளே தானியமும் சரிந்துவிட்டாலோ, ஈர்ப்பு மையமும் அதே பக்கம் நகர்கிறது. நிமிர்த்தும் திறன் குறைகிறது. தண்ணீராவது கப்பல் நிமிர்ந்தால் திரும்பி ஓடிவரும். சரிந்த தானியம் சரிந்த இடத்திலேயே தங்கும். அடுத்த அலை, அந்தச் சாய்விலிருந்தே தொடங்குகிறது. அப்பா சொன்னதில் நான் கண்ட திருத்தம் இது ஒன்றுதான்.

1957 செப்டம்பர் 21 அன்று, அசோர்ஸ் தீவுகளுக்குத் தென்மேற்கே, 'கேரி' என்ற சூறாவளியில் பாமிர் கவிழ்ந்தது. கப்பலில் இருந்த 86 பேரில் பாதிக்கு மேல் பயிற்சி மாணவர்கள். பிழைத்தவர் ஆறே பேர். லூபெக் நகரில் நடந்த விசாரணை, பார்லி சரிந்ததை முக்கியக் காரணமாகக் கண்டது. பழைய கப்பலில் நீர் புகுந்ததே காரணம் என்று வாதிட்டோரும் உண்டு.

விடுமுறையில் அப்பாவிடம் இதைச் சொன்னேன். சூறாவளியைப் பற்றி அவர் ஒன்றும் கேட்கவில்லை. "மூட்டை கட்ட ஆள் இல்லையாமா?" என்றார். துறைமுகத்தில் வேலை நிறுத்தம் நடந்ததைச் சொன்னேன். "பிள்ளைங்களுக்கு அது தெரியுமா?" என்றார். பதில் சொல்ல எனக்குத் தெரியவில்லை.

அதே ஆண்டு, பாமிரின் துணைக் கப்பலான 'பாசாட்'டும் பார்லி ஏற்றி வரும்போது புயலில் சிக்கியது. அதிலும் தானியம் சரிந்தது. எப்படியோ லிஸ்பன் துறைமுகம் சேர்ந்தது. அதன் பிறகு அதில் சரக்கு ஏற்றவில்லை.