ஒரு கேரட்டா, ஆறரை மில்லிமீட்டரா?

வைரத்தின் எடை இரண்டு மடங்கானால் அகலம் இரண்டு மடங்காவதில்லை. மோதிரத்துக் கல்லை மாற்றிப் பெரிதாகப் போட நினைப்பவர் கடைப்படி ஏறுவதற்கு முன் மனதில் வாங்கிக்கொள்ள வேண்டிய முதல் கணக்கு இது. நன்றாகப் பட்டை தீட்டிய 50 சென்ட் வட்டக் கல் ஏறக்குறைய 5.1 மில்லிமீட்டர் அகலம் இருக்கும். 100 சென்ட், அதாவது ஒரு கேரட், 6.4 அல்லது 6.5 மில்லிமீட்டர். எடை இரட்டித்தும் அகலம் கால் பங்குதான் கூடுகிறது. விலை அப்படி அடங்கி நிற்காது. பெரிய கல் அரிதாகக் கிடைப்பதால், கேரட் ஒன்றுக்கான விலையே ஏறிவிடும்.

சென்னை தியாகராய நகரில் என் அக்கா தன் கல்யாண மோதிரத்தின் 30 சென்ட் கல்லை மாற்றப் போனபோது, முதலில் காட்டப்பட்டது 40 சென்ட். 4.3 மில்லிமீட்டரிலிருந்து 4.7-க்குப் போவது அது. இரண்டையும் பக்கத்தில் வைத்தால் தெரியும். விரலில் தனியாகப் போட்டால் வீட்டில் இருப்பவர்கள்கூடக் கவனிக்க மாட்டார்கள். இந்த அளவு வித்தியாசத்துக்காகப் பழைய கல்லைக் கொடுத்து, மேலே பணமும் கட்டி, செய்கூலியும் தருவது வீண். மாற்றுவது என்றால் அகலத்தில் ஒரு மில்லிமீட்டராவது கூட வேண்டும். இல்லாவிட்டால் இருக்கிற கல்லோடு இருந்து, இன்னும் கொஞ்சம் சேர்த்துக்கொண்டு போகலாம்.

எந்த அளவு நம் கைக்குப் பொருந்தும் என்பதைக் கடைக்காரரோ அளவுகோலோ சொல்ல முடியாது. அக்கா செய்த காரியம் எளிது. அமெரிக்கன் டயமண்ட் பதித்த சாதாரண வெள்ளி மோதிரங்களை ஐந்தரை, ஆறு, ஆறரை மில்லிமீட்டர் அளவுகளில் வாங்கி, வீட்டு வேலையெல்லாம் செய்யும்போது மாற்றி மாற்றிப் போட்டுக்கொண்டார். அமெரிக்கன் டயமண்ட் வைரத்தைவிட அடர்த்தியானது. அதனால் அதைக் கேரட்டில் கேட்கக் கூடாது, மில்லிமீட்டரில்தான் கேட்க வேண்டும். மாவு பிசையும்போது இடிக்கிறதா, புடவை நூலில் மாட்டுகிறதா, மெல்லிய விரலில் கல் ஒரு பக்கம் சாய்ந்து சுழல்கிறதா என்பதெல்லாம் சில நாளில் தெரிந்துவிடும். ஆறு மில்லிமீட்டருக்குச் சற்று மேல் என்று அவர் முடிவுக்கு வந்தது இப்படித்தான்.

அடுத்தது பட்டை. இதைப் பற்றித்தான் நிறையச் சொல்ல வேண்டும், ஏனென்றால் கடையில் இதைப் பற்றித்தான் குறைவாகப் பேசுகிறார்கள்.

அக்கா முன்னால் இரண்டு கற்கள் வைக்கப்பட்டன. ஒன்று 1.01 கேரட், மற்றது 90 சென்ட். “ஒரு கேரட்னு சொல்றதுக்கே ஒரு மதிப்பு இருக்கும்மா” என்றார் விற்பனையாளர். சான்றிதழ்களைத் திறந்து அளவு வரியைப் பார்த்தால் இரண்டுமே 6.2 மில்லிமீட்டர்! பெரிய கல்லின் ஆழம் அதன் அகலத்தில் 66 சதவீதம், விளிம்பும் தடித்திருந்தது. கூடுதல் எடை முழுவதும் அடியில், மோதிரத்துக்குள் மறைந்து கிடந்தது. ஒரு கேரட் என்ற கோட்டைத் தொடுவதற்காகவே எடையை இப்படி அடியில் விட்டுவைப்பது தொழிலில் வழக்கம், ஏனெனில் 50 சென்ட், ஒரு கேரட் போன்ற முழு எண்களில் விலை தாவுகிறது. அந்தக் கோட்டுக்குச் சற்றுக் கீழே, 90-லிருந்து 95 சென்ட் வரை உள்ள கற்களில்தான் கொடுக்கும் பணத்துக்கு அதிகம் கிடைக்கும். வட்டக் கல்லுக்கு ஆழம் 59-லிருந்து 62.5 சதவீதத்துக்குள் இருந்தால் நல்லது.

பட்டை சரியில்லாத கல்லில் மேலே விழும் ஒளி அடிவழியே கசிந்துவிடும். நம் கண்ணுக்குத் திரும்பி வராது. எவ்வளவு பெரிய கல்லானாலும் இதுதான் கதி. 1851 லண்டன் மாபெரும் கண்காட்சியில் கோஹினூரைப் பார்க்கக் கூட்டம் அலைமோதியது. பார்த்தவர்களுக்கோ ஏமாற்றம், கல் மங்கிக் கிடந்தது. அடுத்த ஆண்டே இளவரசர் ஆல்பர்ட்டின் மேற்பார்வையில், ஆம்ஸ்டர்டாமின் கோஸ்டர் பட்டறையிலிருந்து ஆட்களை வரவழைத்து அதை மறுபடி பட்டை தீட்டினார்கள். இன்றைய கேரட் கணக்கில் 191 இருந்த கல் 105.6 ஆனது. ஒளிக்காக எடையில் நாற்பது சதவீதத்துக்கும் மேல் விட்டுக்கொடுத்தார்கள். மோதிரம் வாங்கும் நாம் பத்து சென்ட்டை விட்டுக்கொடுக்கத் தயங்க வேண்டியதில்லை.

அமெரிக்காவின் ஜிஐஏ ஆய்வகம் வட்டக் கற்களுக்கு 2006 முதல் பட்டைத் தரமும் குறிக்கிறது; அதில் ‘எக்ஸலன்ட்’ என்று இருப்பதை மட்டும் எடுங்கள். சேமிக்க வேண்டுமானால் நிறத்திலும் தூய்மையிலும் சேமிக்கலாம். மஞ்சள் தங்கத்தில் பதிக்கப்போகும் கல்லுக்கு டி, இ என்னும் நிறமற்ற உயர் தரங்கள் தேவையில்லை. ஜி, எச் போதும், ஐ கூடப் பரவாயில்லை. ஒரு எச்சரிக்கை: கல் பெரிதாகப் பெரிதாக நிறமும் புள்ளியும் கூடுதலாகத் தெரியும். 30 சென்ட்டில் மறைந்திருந்த எஸ்ஐ தூய்மைத் தரப் புள்ளி ஒரு கேரட்டில் கல்லின் மேல்பரப்பு நடுவிலேயே உட்கார்ந்திருக்கக்கூடும். நம் வீடுகளில் கரும்புள்ளி உள்ள வைரத்தைத் தோஷம் என்று ஒதுக்குவார்கள்; அந்த நம்பிக்கை உள்ள குடும்பம் எஸ்ஐ-க்கு மேலான விஎஸ் தரத்துக்குக் கீழே இறங்காமல் இருப்பது மனநிம்மதிக்கு நல்லது.

‘ப்ளூ ஜாகர்’ என்ற பெயரையும் கேட்பீர்கள். தென்னாப்பிரிக்காவின் ஜாகர்ஸ்ஃபோன்டெயின் சுரங்கத்துக் கற்களின் நீலச் சாயலால் வந்த பெயர் அது. இன்று எந்த ஜிஐஏ சான்றிதழிலும் அப்படி ஒரு தரம் கிடையாது. சான்றிதழில் நிற எழுத்தையும், ஃப்ளூரசன்ஸ் என்ற வரியையும் பாருங்கள். அந்த நீல ஒளிர்வால் கல்லின் தோற்றம் மாறுவதைச் சாதாரணப் பார்வையாளர்களால் கண்டுகொள்ள முடியவில்லை என்று ஜிஐஏ 1997-ல் வெளியிட்ட ஆய்வு சொல்கிறது. வெயிலில் பால் கலந்தாற்போல மங்காத வரை அதை அஞ்ச வேண்டாம், அதற்காகக் கூடுதல் பணமும் தர வேண்டாம்.

வெயில் என்றதும் இன்னொன்று. கடை விளக்குக்குக் கீழே எல்லாக் கல்லும் மின்னும். வாசலோரப் பகல் வெளிச்சத்திலும், சாதாரண டியூப்லைட்டிலும், கையால் நிழல் கட்டியும் பார்க்க வேண்டும். அக்கா கேட்டபோது கடை ஊழியர் முகம் சுளிக்காமல் கதவருகே தட்டைக் கொண்டுவந்தார். கேட்கத் தயங்கக் கூடாது.

பெரிய கல் என்றதும் இப்போது ஆய்வக வைரம் பேச்சில் வந்துவிடுகிறது. அதுவும் அசல் கார்பன்தான். கண்ணால் வித்தியாசம் காண முடியாது. அதே பணத்தில் மிகப் பெரிய கல் கிடைக்கும். டி பீர்ஸ் நிறுவனம் 2018-ல் லைட்பாக்ஸ் என்ற பெயரில் கேரட் 800 டாலருக்கு அதை விற்கத் தொடங்கியது. விலை சரிந்துகொண்டே போக, 2025-ல் அந்தப் பிரிவை மூடுவதாக அறிவித்துவிட்டது. போட்டு மகிழ்வது மட்டுமே நோக்கமென்றால் ஆய்வக வைரத்தைத் தாராளமாக வாங்கலாம். பத்து வருடம் கழித்து மறுபடி மாற்றும் எண்ணம் இருந்தால் இயற்கை வைரமே சரி என்பது என் முடிவு. அக்காவும் அந்த 90 சென்ட் இயற்கைக் கல்லைத்தான் எடுத்தார்.

பழைய கல்லை அவர் கடையில் கொடுக்கவில்லை. சிறிய கல்லுக்குப் பணமாகக் கேட்டால் கழித்துத்தான் தருவார்கள். அதை மகளுக்கு ஒரு டாலரில் பதித்துக்கொண்டார். கொடுப்பதாக இருந்தால் கல்லுக்கு எவ்வளவு, தங்கத்துக்கு எவ்வளவு என்று தனித்தனியே கேளுங்கள். ஜிஐஏ கழற்றிய கல்லுக்குத்தான் தரச் சான்று தரும். எனவே பழைய கல்லைக் கழற்றி, உங்கள் கண்முன் எடை போடச் சொல்லலாம்.

புதிய மோதிரத்தில் உள்ள பிஐஎஸ் முத்திரையும் ஆறு இலக்க எச்யுஐடி குறியும் தங்கத்தின் தரத்துக்கு மட்டுமே சாட்சி, வைரத்துக்கு அல்ல. வைரத்துக்குச் சாட்சி, விளிம்பில் லேசரால் பொறித்த சான்றிதழ் எண். பதிக்கக் கொடுக்கும் முன்பும், பதித்து வாங்கும்போதும் பத்து மடங்கு லென்ஸில் அந்த எண்ணைப் படித்துப் பாருங்கள். கல்லைப் பிடிக்கும் கம்பிகள் ஆறு இருக்கட்டும், 18 கேரட் தங்கமாக இருக்கட்டும். 22 கேரட் மென்மையானது, பெரிய கல்லை இறுகப் பிடிக்காது. உயரத் தூக்கிக் கட்டினால் இடிபடும். வைரம் கீறல் விழாதது என்றாலும் ஓங்கி அடிபட்டால் விளிம்பு தெறிக்கும்.

எண்ணெய்ப் பிசுக்கு வைரத்தில் எளிதாக ஒட்டும். வெதுவெதுப்பான நீரில் பாத்திரம் கழுவும் சோப்புத் திரவம் கலந்து, மெல்லிய பல்துலக்கியால் அடிப்பக்கத்தைத் தேய்த்தால் மங்கல் போய்விடும். இது வாங்கிய பிறகு. கடையை விட்டு வருமுன் பில்லை ஒருமுறை வாசியுங்கள். தங்கத்தின் நிகர எடை, கல்லின் எடை, செய்கூலி, சேதாரம், மாற்றும்போது கிடைக்கும் விலைக்கான நிபந்தனை ஆகிய ஐந்தும் தனித்தனி வரிகளில் இருக்க வேண்டும். இல்லையென்றால் எழுதித் தரச் சொல்லி வாங்குங்கள்.