பிள்ளைகளைப் பராமரிப்பது யார் கடமை?

கவின் உயர்நிலை மூன்றில் படிக்கும் மாணவன் என்று வைத்துக்கொள்வோம். அவனுடைய பெற்றோர் சென்ற ஆண்டு மணவிலக்குப் பெற்றனர். கவினும் அவன் தங்கையும் அம்மாவுடன் ஈசூனில் உள்ள வீவக வீட்டில் வசிக்கிறார்கள். பிள்ளைகளின் செலவுக்காகத் தந்தை மாதந்தோறும் குறிப்பிட்ட தொகையைக் கொடுக்க வேண்டும் என்று நீதிமன்றம் ஆணையிட்டிருந்தது. முதல் சில மாதங்கள் பணம் வந்தது. கடந்த நான்கு மாதங்களாக வரவில்லை.

பேரங்காடியில் வேலை செய்யும் அம்மா, வார இறுதியில் இன்னொரு வேலைக்கும் போகத் தொடங்கினார். கவினின் மூக்குக்கண்ணாடி உடைந்து ஒரு மாதமாகிவிட்டது. வெண்பலகையில் ஆசிரியர் எழுதுவது சரியாகத் தெரியவில்லை. ஆனாலும், புதிய கண்ணாடி வேண்டும் என்று அவன் கேட்கவில்லை.

ஒரு நாள் மாலை, குடும்பச் சேவை நிலையத்தில் சமூக ஊழியராகப் பணியாற்றும் சித்தி வீட்டிற்கு வந்தார்.

"நான்கு மாதமாகிவிட்டதே அக்கா, ஏன் இன்னும் நீதிமன்றத்தில் முறையிடவில்லை?" என்று அவர் கேட்டார்.

"அவரிடம் போய்க் கையேந்தச் சொல்கிறாயா? என் பிள்ளைகளை நானே பார்த்துக்கொள்வேன்," என்றார் அம்மா.

"அது உங்களுக்குத் தரும் பணம் இல்லை, அக்கா. கவினுக்கும் அவன் தங்கைக்கும் சேர வேண்டியது. அவர்களுக்கு உரியதை வேண்டாம் என்று நீங்கள் சொல்லலாமா?"

அம்மா பதில் சொல்லவில்லை. அறையில் பாடம் படித்துக்கொண்டிருந்த கவினின் காதிலும் அந்தக் கேள்வி விழுந்தது. அப்பாவிடமிருந்து வரும் பணம் அவர் விரும்பினால் கொடுக்கும் உதவி என்றுதான் அவன் அதுவரை நினைத்திருந்தான்.

சட்டம் என்ன சொல்கிறது?

சிங்கப்பூரில் மாதர் சாசனம் 1961ஆம் ஆண்டு நிறைவேற்றப்பட்டது. பெயரில் 'மாதர்' என்று இருந்தாலும் அது பிள்ளைகளையும் பாதுகாக்கிறது. பிள்ளைக்குத் தேவையான உணவு, உடை, உறைவிடம், கல்வி ஆகியவற்றைத் தம் வசதிக்கேற்ப வழங்குவது அல்லது அவற்றின் செலவை ஏற்பது பெற்றோரின் கடமை என்று இச்சட்டம் கூறுகிறது.

இக்கடமை தந்தைக்கு மட்டும் உரியதன்று, தாய்க்கும் உண்டு. பிள்ளை யாருடன் வாழ்ந்தாலும் இக்கடமை மாறாது. பெற்றோர் முறைப்படி திருமணம் செய்யாதவர்களாக இருந்தாலும் அவர்களுடைய பிள்ளைக்கு இதே பாதுகாப்பு உண்டு. பராமரிப்பு பற்றிய இவ்விதிகள் முஸ்லிம் குடும்பங்களுக்கும் பொருந்தும். கணவன் மனைவி என்ற உறவு முடிவுக்கு வரலாம். பெற்றோர் பிள்ளை என்ற உறவு முடிவுக்கு வருவதில்லை என்பதே இச்சட்டத்தின் அடிப்படை.

பொதுவாக, பிள்ளைக்கு 21 வயதாகும்வரை பராமரிப்புத் தொகை வழங்க வேண்டும். அதற்குப் பிறகும் பிள்ளை கல்வியோ பயிற்சியோ பெற்றுவந்தால், முழுநேரத் தேசிய சேவை ஆற்றினால், அல்லது உடற்குறையோ மனநலக் குறையோ உடையவராக இருந்தால், தொகையை நீட்டிக்க நீதிமன்றம் ஆணையிடலாம். 21 வயதை எட்டிய பிள்ளை தானே நீதிமன்றத்தில் விண்ணப்பம் செய்யவும் முடியும்.

தொகை எப்படி முடிவாகிறது?

எல்லாக் குடும்பங்களுக்கும் ஒரே தொகை என்று சட்டம் வகுக்கவில்லை. பிள்ளையின் தேவைகள், பெற்றோர் இருவரின் வருமானம், அவர்களுக்கு உள்ள பிற பொறுப்புகள், குடும்பத்தின் முந்தைய வாழ்க்கைத்தரம் போன்றவற்றை நீதிமன்றம் ஆராய்கிறது.

ஒரு பிள்ளையின் மாதச் செலவு 900 வெள்ளி என்று கொள்வோம். தந்தையின் வருமானம் 4,000 வெள்ளி. தாயின் வருமானம் 2,000 வெள்ளி. வருமானத்திற்கேற்பப் பங்கிட்டால், தந்தை 600 வெள்ளியும் தாய் 300 வெள்ளியும் ஏற்க வேண்டும். இது கட்டாய வாய்பாடு அன்று. ஆயினும், இருவரும் தத்தம் சக்திக்கேற்பச் சுமையைப் பகிர வேண்டும் என்ற கருத்தை இது விளக்குகிறது.

கொடுக்கத் தவறினால்?

ஆணையை மீறுபவருக்கு அபராதமோ சிறைத்தண்டனையோ விதிக்கப்படலாம். அவருடைய சம்பளத்திலிருந்து தொகையைப் பிடித்துச் செலுத்துமாறு முதலாளிக்கும் நீதிமன்றம் உத்தரவிடலாம். 2025ஆம் ஆண்டு ஜனவரி மாதம் முதல் இதற்கெனத் தனி அதிகாரிகள் பணியாற்றுகின்றனர். அவர்கள் இரு தரப்பினரின் நிதிநிலையையும் விசாரித்து, பணம் இருந்தும் கொடுக்க மறுப்பவர் யார், உண்மையிலேயே கொடுக்க இயலாதவர் யார் என்பதைக் கண்டறிகின்றனர்.

வேலை இழப்பு, நோய் போன்ற காரணங்களால் கொடுக்க இயலாதவர், தொகையை மாற்றக் கோரி நீதிமன்றத்தை நாடலாம். தாமாகவே நிறுத்திவிடக் கூடாது. நிறுத்திய ஒவ்வொரு மாதத் தொகையும் அவருடைய கடனாகச் சேர்ந்துகொண்டே போகும்.

கவினின் கேள்வி

சித்தி புறப்படும்போது கவின் மின்தூக்கிவரை உடன் சென்றான்.

"சித்தி, அப்பா பணம் தரும்வரை சனிக்கிழமைகளில் அவரைப் பார்க்கப் போகமாட்டேன். அது சரிதானே?"

சித்தி சற்று யோசித்தார்.

"உன் கோபம் எனக்குப் புரிகிறது. ஆனால், இரண்டும் வெவ்வேறு. பிள்ளையைப் பார்க்க விடவில்லை என்று சொல்லி அப்பா பணத்தை நிறுத்தக் கூடாது. பணம் வரவில்லை என்று சொல்லி அம்மா உன்னை அவரிடமிருந்து பிரிக்கவும் கூடாது. அப்பாவின் அன்பும் உனக்கு வேண்டும். அவர் தரும் பராமரிப்பும் உனக்கு வேண்டும். ஒன்றைக் கொடுத்து மற்றொன்றை வாங்க அவை என்ன கடைச்சரக்கா?"

அடுத்த வாரமே அம்மா விண்ணப்பம் செய்தார். விசாரணையில் ஓர் உண்மை வெளிப்பட்டது. தந்தையின் நிறுவனம் ஆள்குறைப்புச் செய்தபோது அவர் வேலையை இழந்திருந்தார். இப்போது குறைந்த சம்பளத்தில் வேறொரு வேலை பார்க்கிறார். அதைச் சொல்ல வெட்கப்பட்டு, ஒன்றும் சொல்லாமலேயே பணத்தை நிறுத்திவிட்டார். அதிகாரியின் முன்னிலையில் இருவரும் பேசினர். மாதத் தொகையை ஓராண்டுக்குக் குறைக்கவும், நிலுவையைத் தவணை முறையில் செலுத்தவும் உடன்பட்டனர். நீதிமன்றமும் அதற்கேற்ப ஆணையை மாற்றியது.

அந்த மாத இறுதியில் வந்த தொகை முன்பைவிடக் குறைவுதான். அம்மா அதிலிருந்து முதலில் கவினுக்குக் கண்ணாடி வாங்கினார். சனிக்கிழமை அவனைப் பார்த்த அப்பா, "புதுக் கண்ணாடியா? நன்றாக இருக்கிறது," என்றார்.

"நீங்கள் வாங்கித் தந்ததுதான், அப்பா," என்றான் கவின்.

அப்பா தலை குனிந்தார். பிறகு, அவன் தோளில் மெதுவாகக் கை வைத்தார்.

பிள்ளையைப் பேணவேண்டும் என்று பெற்றோருக்குச் சட்டம் தேவையா என்று சிலர் கேட்கலாம். பெரும்பாலான குடும்பங்களில் அன்பே அக்கடமையைச் செய்துவிடுகிறது. கோபமும் பிரிவும் வறுமையும் அன்பை மறைக்கும் நேரங்களில், பிள்ளை பசியோடும் படிப்பின்றியும் நிற்காமல் இருக்கவே சட்டம் துணை வருகிறது.