முத்துக்குளித்துறையின் குருசடிகளும் கல்லறைகளும்

முத்துக்குளித்துறையின் தொன்மையைப் பேசப் புகுந்தால் கொற்கையைக் கூறுகிறோம். அகநானூற்றையும் மதுரைக்காஞ்சியையும் சான்று காட்டுகிறோம். பின்னர்த் தூத்துக்குடிப் பனிமய அன்னை பேராலயத்தின் சிறப்பைச் சொல்லி அமைகிறோம். இவ்விரண்டிற்கும் இடையே, கடலில் மூழ்கி முத்தெடுத்தவன் என்னவானான் என்று நாம் வினவுவதில்லை. அவனைத் தேடுவோர் வேம்பார் முதல் மணப்பாடு வரையுள்ள கடலோர ஊர்களின் குருசடிகளுக்கும் கல்லறைத் தோட்டங்களுக்குமே செல்லுதல் வேண்டும்.

மணப்பாட்டை எடுத்துக்கொள்வோம். திருச்செந்தூருக்குத் தெற்கே, கடலை நோக்கி நீண்ட மணற்குன்றின்மேல் திருச்சிலுவை ஆலயம் நிற்கிறது. புயலில் சிதைந்த போர்ச்சுக்கீசியக் கப்பலொன்றின் பாய்மரத்தைக் கொண்டு 1540இல் அங்குச் சிலுவை நாட்டப்பெற்றது என்பது ஊர் வழக்கு. ஆலயம் 1581இல் எழுந்தது. குன்றின் கடற்புறத்தே ஒரு குகை உண்டு. 1542இல் இக்கரைக்கு வந்த பிரான்சிஸ் சவேரியார் தங்கிய இடமாக அது போற்றப்படுகிறது. கட்டடக்கலையை எதிர்பார்த்துச் செல்வோர்க்கு அக்குகை ஏமாற்றமே தரும். ஆயின், 1544இல் சவேரியார் தம் துணைவர் மன்சிலாசுக்கு இவ்வூரிலிருந்து எழுதிய கடிதங்களைப் படித்தவர்க்கு அது வேறாகத் தோன்றும். வடுகப் படைக்கு அஞ்சிக் குமரிமுனைப் பாறைகளில் ஒதுங்கிப் பசியாலும் நீர்வேட்கையாலும் மாண்டுகொண்டிருந்த பரதவர்க்காக இருபது தோணிகளுடன் புறப்பட்டதையும், எதிர்க்காற்றால் சென்றடைய இயலாது போனதையும் அவற்றுள் ஒன்று கூறுகிறது. போர்ச்சுக்கீசிய அதிகாரிகளின் கொடுமையையும் அவர் கடிந்தெழுதுகிறார்.

ஈண்டு ஒன்றை மழுப்பாமல் சொல்லவேண்டும். 1530களில் பரதவர் திருமுழுக்குப் பெற்றதற்கு, முத்துச் சலாப உரிமை குறித்து அவர்கட்கும் கடற்கரை முஸ்லிம்கட்கும் மூண்ட பகையே உடனடிக் காரணமாயிற்று. 1538இல் வேதாளையில் மரைக்காயர் கடற்படையைப் போர்ச்சுக்கீசியர் முறியடித்தனர். இக்குருசடிகள் பலவற்றின் வேர் அப்பகையில் உள்ளது. அதனாலேயே முஸ்லிம்கள் இவற்றைப் பற்றி எழுதாது விடுதல் நேர்மையன்று என்பது நம் கருத்து. மேலும், வரலாறு அப்பகையோடு நின்றுவிடவும் இல்லை. 1658இல் தூத்துக்குடியைக் கைப்பற்றிய டச்சுக்காரர் நடத்திய சலாபங்களில் உரிமை 'கல்' கணக்கில் பகுக்கப்பட்டது. குளிப்பவன் விரைந்து ஆழம் சேரத் துணையாகக் கொள்ளும் எடைக்கல்லே அக்கணக்கின் அலகு. இத்தனை கல் கிறித்தவர்க்கு, இத்தனை கல் முஸ்லிம்கட்கு, இத்தனை கல் இந்துக்கட்கு என வகுத்த பட்டியல்கள் கிடைத்துள்ளன. ஒரே பாரில் மூழ்கியவர்களுள் ஒருவர் தலைமாட்டில் குருசும் மற்றொருவர் தலைமாட்டில் மீசான் கல்லும் நிற்கின்றன, எடைக்கல்லில் வேறுபாடில்லை.

தமிழ் பயில்வோர்க்குக் கல்லறைகள் தருவது இதனினும் மிகுதி. பெர்னாந்து, கோமஸ், வாஸ், மச்சாடு, மிராண்டா முதலிய போர்ச்சுக்கீசியப் பெயர்கள் தமிழெழுத்தில் எவ்வாறு ஏறின, எவ்வெழுத்தை இழந்தன, எதனைப் பெற்றன என்பதை அவற்றில் காணலாம். குருசு என்னும் சொல்லே அவ்வழி வந்தது. மேசையும் சாவியும் அதனுடன் வந்தவை. இந்திய மொழிகளுள் அச்சேறிய முதல் நூல் எனப்படும் தம்பிரான் வணக்கம் 1578இல் கொல்லத்தில் அச்சாயிற்று. அதனைத் தமிழாக்கிய அன்றீக் அடிகளார் நெடுங்காலம் பணிபுரிந்த ஊர் புன்னைக்காயல். 1600இல் மறைந்த அவர் தூத்துக்குடியில் அடக்கம் செய்யப்பெற்றார். அச்சுச் செலவுக்குப் பொருள் திரட்டித் தந்தவர் பரதவர். தமிழ் அச்சு வரலாற்றில் அடிகளார் பெயர் உண்டு. பொருள் தந்தோர் பெயர்கள் இல்லை.

1905இல் ஜூலியன் ஜேம்ஸ் காட்டன் சென்னை மாகாணக் கல்லறை எழுத்துகளைத் தொகுத்து வெளியிட்டார். அரிய உழைப்பு அது. எனினும் பெரும்பாலும் ஐரோப்பியர் கல்லறைகளே அதில் இடம்பெற்றன. குளியாளர் கல்லறைகளுக்கு அத்தகையதொரு தொகுப்பு வேண்டும். சுண்ணச்சாந்தில் பொறித்த எழுத்து உப்புக்காற்றில் உதிர்கிறது. எஞ்சியதைத் திருப்பணி மறைத்துவிடுகிறது. பக்தியுடன் பளிங்கு பதிப்பவர் கீழிருந்த எழுத்தைப் படியெடுப்பதில்லை. (நம் பள்ளிவாசல்களிலும் தர்காக்களிலும் இதுவே நடக்கிறது, பிறரைக் குறைகூற நமக்குத் தகுதியில்லை.) 1958ஆம் ஆண்டின் தொல்சின்னச் சட்டமும் அறிவிக்கப்பட்ட சின்னங்களையே காக்கும்; ஊர்க் கல்லறைத் தோட்டம் அதன் கண்ணில் படுவது அரிது.

இதற்குப் பெரும்பொருள் வேண்டா. பங்குக் குருவின் இசைவு, ஒளிப்படக் கருவி, பெயரும் ஆண்டும் எழுத்துப் பிழையும் உள்ளவாறே குறித்துக்கொள்ள ஓர் ஏடு ஆகியன போதும். தூத்துக்குடியில் இறுதிச் சலாபம் 1961இல் நடந்தது. அதில் கடலிறங்கியோரின் மக்கள் இன்று முதுமை எய்திவிட்டனர். ஆண்டுதோறும் நவம்பர் 2, கல்லறைத் திருநாளன்று, குடும்பத்தார் வந்து கல்லறைகளைக் கழுவி மெழுகுதிரி ஏற்றுவர். அன்று எழுத்துகள் தெளிவாகத் தெரியும். உள்ளே உறங்குபவர் இன்னார் என்று சொல்வோரும் அருகிலேயே இருப்பர்.