நாட்டின் அரண்

நாடு நிலைபெறுவதற்கு வேண்டிய உறுப்புகளுள் அரணையும் ஒன்றாக வைத்து எண்ணினர் பண்டைத் தமிழ்ச் சான்றோர். ஆழ்ந்த அகழியும், உயர்ந்த மதிலும், அடர்ந்த காடும், ஏறுதற்கரிய மலையும் அக்காலத்து அரண்கள். பகைவர் படை வருவது தொலைவிலேயே தெரியும்; முரசொலி கேட்கும்; புழுதி எழும். கோட்டை வாயிலை அடைத்து, மதில்மேல் வீரர் விழித்திருப்பின் ஊரார் அஞ்சாமல் உறங்கலாம்.

இருபதாம் நூற்றாண்டின் தொடக்கத்திலும் பகை தன் வடிவை முற்றும் மறைத்துக்கொள்ளவில்லை. 1914ஆம் ஆண்டு செப்டம்பர் 22ஆம் நாள் இரவு, 'எம்டன்' என்னும் ஜெர்மானியப் போர்க்கப்பல் சென்னைக் கரைக்கு அணித்தே வந்து குண்டுகளைப் பொழிந்தது. துறைமுகத்தை அடுத்திருந்த எண்ணெய்த் தொட்டிகள் தீப்பற்றி எரிந்தன. மக்கள் அஞ்சி ஊரை விட்டு வெளியேறினர். துணிவும் சூழ்ச்சியும் மிக்கவனை 'எம்டன்' என்று சுட்டும் வழக்கம் தமிழகத்தில் அதன்பின் ஏற்பட்டது.

இக்காலத்துப் பகையோ போர்க்கப்பலில் கொடியுயர்த்தி வருவதில்லை. 2008ஆம் ஆண்டு நவம்பர் 26ஆம் நாள் மும்பை மாநகரைத் தாக்கிய 10 பேர், நம் நாட்டு மீன்பிடிப் படகு ஒன்றைக் கடலிலே கைப்பற்றி, அதிலேறி வந்தனர். கரையை நெருங்கியதும் சிறிய ரப்பர்ப் படகுக்கு மாறி, மீனவர் குடியிருப்பின் அருகே இறங்கினர். அவர்கள் கொடுமையால் 166 உயிர்கள் மாண்டன. அன்று நம் கடலில் கடற்படை இருந்தது; கடலோரக் காவற்படை இருந்தது; கரையில் மாநிலப் போலீசார் இருந்தனர். காவலர் பலர் இருந்தும் காவல் ஒன்றாக இணையவில்லை. ஒருவர் பொறுப்பு முடியும் இடத்துக்கும் மற்றவர் பொறுப்பு தொடங்கும் இடத்துக்கும் இடையே ஒரு வெளி கிடந்தது. பகைவர் அவ்வெளியின் வழியே புகுந்தனர்.

அத்துன்பத்திலிருந்து நாடு பாடம் கற்றது. பயங்கரவாதக் குற்றங்களைப் புலனாய்வதற்கெனத் தேசியப் புலனாய்வு முகமை அமைக்கப்பெற்றது. கடலோரக் காவலில் பல துறைகளையும் ஒருங்கிணைக்கும் பொறுப்பு 2009ஆம் ஆண்டில் வரையறுக்கப்பட்டது. மீனவர்க்கு அடையாள அட்டைகள் வழங்கப்பட்டன. 2019ஆம் ஆண்டு முதல் கடற்கரை மாநிலங்கள் அனைத்தும் கடற்படையுடன் சேர்ந்து 'சீ விஜில்' என்னும் காவற்பயிற்சியை நடத்தி வருகின்றன. ஆயிரம் கிலோமீட்டருக்கு மேல் நீண்ட தமிழகக் கடற்கரைக்குக் கடலோரப் பாதுகாப்புக் குழுமம் என்னும் போலீஸ் பிரிவு 1994 முதலே உண்டு. ஆயினும் நாள்தோறும் கடல்மேற் செல்லும் மீனவர்கள் காண்பதை வேறு எவரும் காண இயலாது. அயற்படகு ஒன்றைக் கண்டு அவர்கள் சொல்லும் ஒரு சொல், பல ரோந்துக் கப்பல்களுக்கு ஈடாகும்.

கடலில் விளங்கிய இவ்வுண்மை நிலத்திலும் பொருந்தும். நாட்டுக் காவல் என்றவுடன் எல்லையையும் படையையும் நினைப்போர், வெடிமருந்தை நினைப்பதில்லை. நம் அரசியலமைப்புச் சட்டமோ அதனை நினைத்திருக்கிறது. படைக்கலம், வெடிபொருள் ஆகியவற்றை, நாட்டின் பாதுகாப்பு இடம்பெற்ற மத்திய அரசுப் பட்டியலிலேயே அது வைத்துள்ளது. வெடிமருந்து தீயோர் கையில் படைக்கலமாகும். கவனமற்றோர் கையில் சொந்த மக்களையே கொல்லும். ஆதலின், அது எங்கே செய்யப்படுகிறது, யாரிடம் எவ்வளவு இருக்கிறது என்னும் கணக்கு அரசுக்குத் தெரிந்திருத்தல் வேண்டும். 1884ஆம் ஆண்டின் வெடிபொருட் சட்டமும், 2008ஆம் ஆண்டின் விதிகளும் இதற்கென்றே உள்ளன. நாகபுரியைத் தலைமையிடமாகக் கொண்ட மத்திய வெடிபொருள் பாதுகாப்பு நிறுவனம் உரிமங்களை வழங்குகிறது. ஆனால் பொது ஒழுங்கும் போலீசும் மாநில அரசின் பொறுப்புகள். எனவே, இரண்டு அரசுகளும் கைகோத்தாலன்றி வெடிமருந்தைக் காத்தல் இயலாது.

கை கோவாதபோது நேர்வது யாது? 2015ஆம் ஆண்டில் சுங்கத் துறையினர் கைப்பற்றிய ஏறத்தாழ 700 டன் அம்மோனியம் நைட்ரேட் என்னும் வேதிப்பொருள், சென்னையை அடுத்த மணலியில் ஒரு சரக்கு நிலையத்தில் ஐந்தாண்டுகள் அப்படியே கிடந்தது. 2020ஆம் ஆண்டு ஆகஸ்டு 4ஆம் நாள், லெபனான் நாட்டுப் பெய்ரூட் துறைமுகத்தில் 2750 டன் அளவில் கிடந்த அதே பொருள் வெடித்து, 200க்கு மேற்பட்டோரைக் கொன்றது. அச்செய்தி கேட்ட பின்னரே மணலிச் சரக்கு பலர் கண்ணிலும் பட்டது. பல துறையினரும் ஒன்றுகூடினர். சில நாட்களில் சரக்கு ஐதராபாத்துக்கு அனுப்பப்படலாயிற்று. ஐந்தாண்டுகள் முடியாதிருந்தது, ஒன்றுகூடியவுடன் முடிந்தது.

எல்லா இடங்களிலும் இத்தகைய நற்பேறு வாய்ப்பதில்லை. விருதுநகர் மாவட்டத்துச் சிவகாசி, சாத்தூர்ப் பகுதிகள் வானம் பார்த்த கரிசல் நிலங்கள். மழை குறைந்த அவ்வறண்ட காற்றே தீப்பெட்டித் தொழிலுக்கும் பட்டாசுத் தொழிலுக்கும் துணையாயிற்று. நாட்டில் செய்யப்படும் பட்டாசில் பெரும்பகுதி இங்கிருந்தே செல்கிறது. பல்லாயிரம் குடும்பங்களின் அடுப்பு இத்தொழிலால் எரிகிறது. சாத்தூரை அடுத்த அச்சங்குளத்தில் 2021ஆம் ஆண்டு பிப்ரவரி 12ஆம் நாள் ஒரு பட்டாசு ஆலை வெடித்தது. 20க்கும் மேற்பட்ட தொழிலாளர் உயிரிழந்தனர், பலர் தீக்காயமுற்றனர். தேசியப் பசுமைத் தீர்ப்பாயம் தானே முன்வந்து இதனை விசாரணைக்கு எடுத்துக்கொண்டது.

அவ்வாலை உரிமம் பெற்ற ஆலைதான். விதிகளும் இருந்தன. ஓர் அறையில் இத்தனை பேர்தான் இருத்தல் வேண்டும். அறைக்கும் அறைக்கும் இத்தனை இடைவெளி வேண்டும். பயிற்சி பெற்ற போர்மேன் மேற்பார்வை செய்தல் வேண்டும். கலந்த மருந்தை மிச்சம் வைத்தலாகாது என்பனவெல்லாம் எழுதப்பட்டவையே. ஆனால் உரிமம் ஒருவர் பெயரில் இருக்க, அறைகளைப் பலருக்கு உட்குத்தகைக்கு விடும் வழக்கம் இவ்விபத்தை ஒட்டி நாடறிந்த செய்தியாயிற்று. உரிமம் தந்தவர் தொலைவில் இருக்கிறார், பெற்றவர் உடனில்லை, குத்தகையாளர்க்கு விரைவு, தொழிலாளிக்குக் கூலி. இந்நால்வர்க்கும் இடையே மருந்து கிடக்கிறது.

தொழிலாளிக்கு அபாயம் தெரியாது என்று கொள்ளலாகாது. மருந்தின் சூட்டையும் அறையின் நெருக்கத்தையும் அவரைவிட நன்கு அறிந்தவர் இலர். ஆயினும் சொன்னால் வேலை போகும். சொல்லாவிடின் உயிர் போகக்கூடும். குழந்தைகளின் பசி கண்முன் நிற்கையில் அவர் வாய் அடைத்துக்கொள்கிறது. எனவே, ஆலையை மூடி முத்திரையிடும் அதிகாரி, மறுநாள் அத்தொழிலாளியின் உணவுக்கு வழி யாது என்பதையும் எண்ணுதல் வேண்டும். அபாயத்தை எடுத்துச் சொன்னவர் வேலையிழவாதபடி காக்கப்படுதல் வேண்டும். இவ்விரண்டும் இல்லாத ஒத்துழைப்பு ஏட்டளவிலேயே நின்றுவிடும்.

அறியாத உதவியும் கேடாக முடிதல் உண்டு. 2012ஆம் ஆண்டு செப்டம்பர் 5ஆம் நாள் சிவகாசிக்கு அருகே முதலிப்பட்டியில் நேர்ந்த வெடிவிபத்தில் ஏறத்தாழ 40 பேர் மாண்டனர். அவர்களுள் பலர் அவ்வாலையில் வேலை செய்தவர் அல்லர். புகையைக் கண்டு, உதவும் எண்ணத்தோடும் பார்க்கும் ஆவலோடும் ஓடிவந்தவர்கள். அடுத்த வெடிப்பு அவர்களைப் பலிகொண்டது. இரக்கம் நல்லது, ஆனால் பயிற்சியோடும் ஒழுங்கோடும் கூடிய இரக்கமே உயிரைக் காக்கும். தீயணைப்புத் துறையை 101 என்னும் எண்ணிலும், நெருக்கடிக் கால உதவியை 112 என்னும் எண்ணிலும் அழைத்துவிட்டு, வண்டிகள் செல்ல வழிவிட்டு விலகி நிற்பதும் உதவியே.

எல்லையில் பனியில் நிற்கும் வீரரும், கடலில் வலைவீசும் மீனவரும், மருந்தறையில் அமர்ந்த தொழிலாளியும், கோப்பில் கையெழுத்திடும் அதிகாரியும் ஒரே மதிலின் கற்கள். ஒரு கல் மற்றொன்றைத் தாங்காதவழி மதில் சரியும். நாளை இவ்விடங்களில் நிற்கப்போகிறவர்கள் இன்று பள்ளியில் பயிலும் இளைஞர்களே. கண்டதை உரியவரிடம் அஞ்சாது சொல்லுதல், பிறர் சொல்லும்போது செவிசாய்த்தல், 'இது என் வேலையன்று' என்று கைவிடாதிருத்தல் ஆகிய பழக்கங்களை அவர்கள் இப்போதே பயிலுதல் வேண்டும். அச்சங்குளத்தில் மாண்டோர்க்கு நாடு செலுத்தவேண்டிய கடன் அதுவே.