ஒரு கோப்பு, மூன்று தாள்கள்: பயிர்ப் பட்டியல் வழியே எக்ஸ்எம்எல்

பழைய எழுத்துருவில் தட்டச்சு செய்த வினாத்தாள் வேறொரு கணினியில் புரியாத குறிகளாகத் திறப்பதை நாம் அனைவரும் பார்த்திருப்போம். அதே பாடக்குறிப்பைச் சுவர் அட்டைக்கு ஒருமுறை, பயிற்சித்தாளுக்கு ஒருமுறை என மீண்டும் மீண்டும் தட்டச்சு செய்வதும் வழக்கம். உள்ளடக்கத்தையும் தோற்றத்தையும் தனித்தனியே வைத்தால் இந்த இரண்டு சிக்கலும் குறையும்.

இதற்கு மதுரைத் திட்டம் நல்ல சான்று. சுவிட்சர்லாந்திலிருந்து முனைவர் கல்யாணசுந்தரம் முன்னெடுக்க, 1998 பொங்கலன்று தொடங்கிய இத்தன்னார்வ முயற்சி தமிழ் இலக்கியங்களை மின்னூல்களாக்கியது. எழுத்துருக் குறியாக்கங்கள் மாறியபோது நூல்கள் டிஸ்கிக்கும், பின்னர் ஒருங்குறிக்கும் மாற்றப்பட்டன. உரை தெளிவாகச் சேமிக்கப்பட்டிருந்தால் அதன் உடையை மாற்றிக்கொள்ளலாம். எக்ஸ்எம்எல் பரிந்துரை வெளியானதும் அதே 1998இல்தான். தோற்றத்தை விவரிக்கும் சிஎஸ்எஸ் 1996இலும், ஆவணத்தையே மாற்றியமைக்கும் எக்ஸ்எஸ்எல்டி 1999இலும் வந்தன.

வகுப்பறையில்

கல்வராயன் மலைப் பிள்ளைகளுக்குச் சாமை, மரவள்ளி, கடுக்காய் பற்றிப் பாடநூலைவிட வீட்டுப் பெரியவர்களிடம் அதிகம் கிடைக்கும். எட்டாம் வகுப்பு மாணவர்கள் கேட்டு வந்ததை இப்படிப் பதிந்தோம்:

<பயிர்கள்>
  <பயிர்>
    <பெயர்>சாமை</பெயர்>
    <வகை>சிறுதானியம்</வகை>
    <பயன்>சோறு, உப்புமா</பயன்>
  </பயிர்>
</பயிர்கள்>

எக்ஸ்எம்எல்லில் குறிச்சொற்களைத் தமிழிலேயே எழுதலாம் என்பது பலருக்குத் தெரிவதில்லை. மூன்று விதிகள் போதும்: திறந்த குறிச்சொல்லை மூட வேண்டும், எல்லாவற்றையும் ஒரே வெளிக்குறிச்சொல் சூழ வேண்டும், குறிச்சொல்லுக்குள் இடைவெளி கூடாது. கோப்பை யூடிஎஃப்-8 முறையில் சேமிக்க வேண்டும். ஒன்றை மூட மறந்தால் எந்த வரியில் பிழை என்று கணினியே சொல்லிவிடும். நிறுத்தற்குறிப் பாடத்துக்கு இதைவிடப் பொறுமையான உதவியாளர் இல்லை.

நடைத்தாள்

சிஎஸ்எஸ் தாளில் 'பெயர்' பெரிய எழுத்தில், 'பயன்' பச்சை நிறத்தில் என்று எழுதினால் எல்லாப் பயிர்களுக்கும் அது பொருந்தும். எக்ஸ்எஸ்எல்டி இன்னும் ஒரு படி மேலே செல்லும். வேண்டியதை மட்டும் எடுக்கும், இடம் மாற்றும், அட்டவணையாக்கும். நாங்கள் மூன்று நடைத்தாள்கள் வைத்திருக்கிறோம்:

1. சுவர் அட்டை: பெயரும் பயனும் பெரிய எழுத்தில்.
2. பயிற்சித்தாள்: பயன் இருக்க வேண்டிய இடத்தில் வெற்றுக்கோடு.
3. ஆசிரியர் தாள்: எல்லா விவரங்களும் அட்டவணையாக.

சிறு நிரல்

லினக்ஸ் கணினிகளில் எக்ஸ்எஸ்எல்டி-பிராக் என்ற கட்டற்ற கருவியை நிறுவிக்கொள்ளலாம். அதன்பின் இணையம் தேவையில்லை. நிரலின் வேலை இவ்வளவுதான்: கோப்புறையில் உள்ள ஒவ்வொரு எக்ஸ்எம்எல் கோப்பையும் எடு, நடைத்தாளைப் பொருத்து, அதே பெயரில் எச்டிஎம்எல் பக்கமாகச் சேமி. மூன்று நடைத்தாள்களுக்கும் இதையே மும்முறை சுற்றவிட வேண்டும். ஒரு மாணவி புதிதாக ஒரு பயிரைச் சேர்த்தால், நிரலை மறுபடி ஓட்டியதும் மூன்று தாள்களிலும் அது வந்துவிடும். பக்கத்தை உலாவியில் திறந்து அச்சிடலாம்.

கவனிக்க

பெயர்களை வரிசைப்படுத்தச் சொன்னால், எளிய வரிசைப்படுத்தல் ஒருங்குறி எண்களையே பின்பற்றும். அந்த வரிசையில் 'ள', 'ழ' இரண்டும் 'வ'வுக்கு முன்னால் நிற்கின்றன. அதனால் 'கவளம்' வரவேண்டிய இடத்தில் 'கழனி' முந்திக்கொள்ளும். இதை மாணவர்களிடமே விடுங்கள். பட்டியலைத் தமிழ் அகரவரிசையோடு ஒப்பிட்டுத் திருத்தட்டும். கணினிப் பாடம் அங்கே தமிழ்ப் பாடமாகிவிடும்.

தொடங்குவதற்குப் பத்துச் சொற்கள் போதும். உங்கள் ஊரின் மீன்கள், நெசவுக் கருவிகள், நெல் வகைகள் எதுவாகவும் இருக்கலாம். முதலில் தாளில் எழுதி, எது பெயர், எது வகை, எது பயன் என்று மாணவர்களே பிரிக்கட்டும். அதற்குப் பிறகு கணினிக்குச் செல்லலாம். ஒரு தகவலை அதன் உறுப்புகளாகப் பிரித்துப் பார்க்கும் பழக்கமே இப்பாடத்தின் முதன்மைக் கற்றல் விளைவு. பாட்டிமார் சொன்ன பெயர்கள் எந்தக் கணினியிலும் திறக்கும் கோப்பில் தங்கிவிடுவது அதோடு கிடைக்கும் பலன்.