பழைய படகு வாங்குமுன் பார்க்க வேண்டியவை

கொள்ளிடக் கழிமுகத்திலும், பிச்சாவரம், வேதாரணியம் பகுதிகளின் உப்பங்கழி ஓரங்களிலும் வாழ்வோருக்கு வண்டியைப் போலவே படகும் இன்றியமையாத சாதனமாகும். திட்டு நிலங்களுக்கு ஆட்களையும் விதை மூட்டைகளையும் கொண்டு செல்லவும், வெள்ளக் காலத்தில் மக்களை மேட்டுக்குச் சேர்க்கவும் அது உதவுகிறது. புதுப் படகுக்குப் பணம் போதாதபோது, கரையில் கேட்பாரற்றுக் கிடக்கும் பழம் படகு மலிவாகக் கிடைக்குமா என்று தேடுகிறோம். தேடுவதில் தவறில்லை. ஆயினும் பத்துப் பேரின் உயிரைத் தாங்க வேண்டிய பலகையை விலையைக் கொண்டு மட்டும் மதிப்பிடுதல் தகாது.

கவனிப்பாரற்ற மரப் படகுக்குக் கடல் நீரைக் காட்டிலும் மழை நீரே பெரும் பகை. உப்பு நீர் மரம் மக்குவதை ஓரளவு தடுக்கும். மூடாத படகினுள் தேங்கும் மழைநீரோ பூஞ்சணத்தை வளர்த்து மரத்தை மக்கச் செய்யும். ஆகவே நீர் வடிய வழியற்ற இடங்களை முதலில் பார்க்க வேண்டும். ஏரா என்னும் அடிமரத்தின் மேற்புறம், வங்குகள் என்னும் உட்சட்டங்கள் பலகையோடு சேருமிடம், முன்னும் பின்னுமுள்ள மூலைகள் ஆகியவற்றில் சேற்றை வழித்துவிட்டுக் குத்தூசியால் குத்திப் பாருங்கள். நல்ல மரத்தில் நுனி மட்டுமே இறங்கும், பிடுங்கும்போது பற்றிக்கொள்ளும். மக்கிய மரத்தில் ஊசி தடையின்றி உள்ளே செல்லும். குத்திப் பார்க்க விற்பவர் இசையாவிடில் திரும்பிவிடுவதே நலம். புதிதாகச் சாயம் பூசிய பழம் படகையும் நாம் ஐயத்துடனேயே நோக்குகிறோம்.

உப்பங்கழியில் கிடந்த படகுக்குக் கப்பற்புழுவின் ஆபத்தும் உண்டு. பெயரளவில் புழுவாயினும் அது சிப்பி இனத்தைச் சேர்ந்தது. மிகச் சிறிய பருவத்திலேயே மரத்துள் நுழைந்து வளர்வதால், வெளியே குண்டூசித் தலையளவு துளைதான் தெரியும். உள்ளே விரற்கனத்தில் வளைகள் ஓடும். படகை நன்னீருக்குக் கொண்டு சென்றால் புழு சாகும். வளை மூடுமா?

ஆணித் தலையைச் சுற்றிக் கருங்கறை படிந்திருந்தால் இரும்பு துருப்பிடித்து மரத்தையும் கெடுத்துள்ளது எனக் கொள்க. ஒன்றிரண்டை மாற்றலாம், வரிசை முழுதும் அவ்வாறாயின் புது ஆணி பற்றுவதற்கு அங்கு மரமிராது.

பலகை இணைப்புகள் விரிந்திருப்பது மட்டும் குறையன்று. வெயிலில் சுருங்கிய பலகை நீரில் ஊறினால் பருத்துக் கூடிவிடும். முதல் நாள் ஒழுக்கைக் காட்டி விலையைக் குறைக்க முயல்வது நியாயமாகாது. மூன்றாம் நாளும் ஒழுகினால் கலப்பற்று செய்து இணைப்புகளை அடைக்கும் செலவையேனும் விலையில் கழித்துப் பேச வேண்டும்.

2004 ஆழிப்பேரலைக்குப் பின் நம் கடற்கரையில் பைபர் படகுகள் பெருகின. இவை மக்குவதில்லை என்பது ஓடு மட்டில் உண்மை. இயந்திரம் பூட்டும் பின்பலகையின் உள்ளே பெரும்பாலும் ஒட்டுப்பலகை உண்டு. திருகாணித் துளைகள் வழியே நீர் இறங்கினால் அது வெளியே தெரியாமல் மக்கும். இயந்திரத்தைப் பற்றி அசைக்கையில் பின்பலகை வளைந்தாலும், துளைகளில் பழுப்பு நீர் கசிந்தாலும் அப்படகு வேண்டாம்.

மீன்பிடிப் படகாயின் 1983ஆம் ஆண்டின் தமிழ்நாடு கடல் மீன்பிடி ஒழுங்குமுறைச் சட்டப்படி மீன்வளத் துறையில் பதிவு பெற்றிருக்க வேண்டும். ஏட்டிலுள்ள எண்ணும் படகின் மேலுள்ள எண்ணும் ஒன்றா, விற்பவர்தாம் உரிமையாளரா, கடன் பாக்கி உண்டா என்று விசாரித்தறிக. அப்பதிவு கட்டணம் வாங்கி ஆட்களை ஏற்றுவதற்கு அனுமதியாகாது என்பதைப் பஞ்சாயத்து அங்கத்தினர்கள் நினைவிற் கொள்ள வேண்டும்.

பணம் கொடுக்குமுன் படகை நீரில் இறக்கி மூன்று நாள் கட்டிவைக்கச் சொல்லுங்கள். படகு கட்டும் ஓடாவி ஒருவரை உடன் அழைத்துச் செல்லுங்கள். அவருக்குத் தரும் ஒரு நாட்கூலி வீணாகாது. மூன்றாம் நாட்காலை நீரை முற்றும் இறைத்துவிட்டு, ஏற்றக் கருதும் ஆட்களின் எடைக்கு மணல் மூட்டைகளை ஏற்றி, மாலையில் உள்ளே எத்தனை விரற்கடை நீர் நிற்கிறது என்று அளந்த பிறகே விலை பேச வேண்டும்.